பழக்கமில்லாத கைக்கு ஒரு துவக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சஞ்சிகைகளில் வந்த ஒரு விளம்பரம் இருக்கிறது. கட்டிலில் இரவு உடுப்போடு ஒரு சின்னப் பிள்ளை. கையில் ஒரு ரிவோல்வர். 'இது என்னை ஒண்டும் செய்யாது எண்டு அப்பா சொன்னவர்' என்ற கருத்தில் கீழே ஒரு வரி. விளம்பரம் கொடுத்தது மசாசுசெட்ஸ் மாநிலத்தில் இருந்த ஐவர் ஜோன்சன் என்ற கம்பனி. அது விற்ற பொருள், வீட்டில் வைத்திருப்பதற்கான மலிவான கைத்துப்பாக்கி.

இண்டைக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் எங்களுக்கு நெஞ்சு திக்கெண்டும். ஆனால் அந்தக் காலத்துச் சனம் உண்மையாகவே கேட்ட ஒரு கேள்விக்கு அது பதில். சுடத் தெரியாத ஒருவர், கள்ளருக்குப் பயந்து வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருக்க விரும்பினால், எது நல்லது? அமெரிக்காவின் துவக்குக் கடைகளில் இன்றைக்கும் ஒவ்வொரு நாளும் கேட்கப்படும் கேள்வி இது. யூடியூபில் ஆயிரக்கணக்கான காணொளிகள் இதற்குப் பதில் சொல்கின்றன. அவற்றைப் பார்க்கிற ஆட்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை எந்தத் துவக்கு நல்லது என்று சொல்லப் போவதில்லை. 130 வருசத்துக்கு மேலாக அந்தக் கேள்விக்கு என்னென்ன பதில்கள் வந்தன, அந்தப் பதில்கள் எதைப் பார்க்காமல் விட்டன என்பதுதான் விசயம்.

எலுமிச்சை பிழியும் துவக்கு

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமத்து வீட்டில் இருந்தது பெரும்பாலும் நீளத் துவக்கு. வேட்டைக்கும், கோழி பிடிக்க வரும் நரியைக் கலைக்கவும் அது ஒரு தோட்டச் சாமான் மாதிரி. மண்வெட்டி பிடிக்கப் பழகியது மாதிரியே தகப்பனிடமிருந்தோ மாமனிடமிருந்தோ அதையும் பழகினார்கள். நகரத்தில் கைத்துப்பாக்கி வாங்கிய ஆள் வேறு. அவர் கடைக்காரர், கணக்குப்பிள்ளை, அல்லது தனியாக வாழும் பெண். வாழ்க்கையில் ஒரு வெடிகூட வைத்திருக்க மாட்டார். அவருக்கு விற்க வேண்டுமானால் கம்பனி இரண்டு வாக்குறுதிகள் கொடுக்க வேண்டும். ஒன்று, நீங்கள் பழகத் தேவையில்லை, இது இலகுவாகச் சுடும். மற்றது, இது தவறுதலாக ஒருநாளும் வெடிக்காது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். இலகுவாகச் சுடுகிற துவக்கு தவறுதலாகவும் இலகுவாகச் சுடும். தவறுதலாகச் சுடாத மாதிரி இறுக்கினால் தேவைப்படுகிற நேரத்திலும் கை திணறும். இதற்குப் பிறகு வந்த கண்டுபிடிப்புகள் எல்லாம் இந்த இழுபறிக்குள்தான் நடந்தன.

பழைய ரிவோல்வரின் பின்பக்கம் சுத்தியல் மாதிரி ஒரு துண்டு வெளியில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்துவிட்டால், பிறகு விசையை லேசாகத் தொட்டாலே போதும். சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம். சட்டைப் பையில் அது கொழுவும். நிலத்தில் விழுந்து அந்தத் துண்டு அடிபட்டால் தானாக வெடிக்கவும் கூடும். 1887இல் ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனி அந்தத் துண்டை உள்ளே மறைத்த ஒரு ரிவோல்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிடியின் பின்பக்கத்தில் ஒரு தகடு. உள்ளங்கையால் பிடியை இறுக்கி அந்தத் தகட்டை அமுக்கினால் மட்டும்தான் விசை வேலை செய்யும். எலுமிச்சங்காய் பிழிவது மாதிரிப் பிடிக்க வேண்டியிருந்ததால் சனம் அதற்கு 'எலுமிச்சை பிழியி' என்று பட்டப்பெயர் வைத்தது. ஒரு பிள்ளை துவக்கோடு விளையாடிக் காயப்பட்டதைக் கேள்விப்பட்டுத்தான் டானியல் வெஸன் இதைச் செய்தார் என்று ஒரு கதை சொல்லுவினம். கதை உண்மையோ இல்லையோ, அது எதற்காகச் சொல்லப்பட்டது என்பது விளங்குகிறது. பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் துவக்கு போக வேண்டுமென்றால் தாய் தகப்பனின் மனதை ஆற்ற வேண்டும்.

ஐவர் ஜோன்சன் கம்பனி இதை இன்னும் மலிவாக, வேறு விதமாகச் செய்தது. விசையை முழுதாக இழுத்தால்தான் அடிக்கிற துண்டுக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு சிறு பாலம் வந்து நிற்கும். அது இல்லாவிட்டால் அடி ஊசிக்குப் போகாது. சுத்தியலால் அடித்துப் பார், வெடிக்காது என்று விளம்பரம் செய்தார்கள். சொன்னது பொய்யில்லை. விழுந்து வெடிக்கிற ஆபத்தை அந்தப் பாலம் உண்மையாகவே குறைத்தது.

1901 செப்டம்பரில் பஃபலோ நகரத்தில் லியோன் சொல்கோஸ் என்ற இளைஞர் 4.50 டொலருக்கு அதே கம்பனியின் ஒரு ரிவோல்வரை வாங்கினார். நாலு நாள் கழித்து அதைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு வரிசையில் நின்று, கை குலுக்க வந்த ஜனாதிபதி வில்லியம் மக்கின்லியைச் சுட்டார். 14ஆம் திகதி மக்கின்லி இறந்தார். 1968இல் ரொபர்ட் கென்னடியைக் கொன்றதும் இதே கம்பனியின் ஒரு சின்ன ரிவோல்வர்தான். துவக்கில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. சொன்ன மாதிரியே, விசையை இழுத்தபோது மட்டும்தான் வெடித்தது. யார் இழுக்கிறார், என்ன நோக்கத்தில் இழுக்கிறார் என்று பார்க்கிற பாலம் எதுவும் அதில் இல்லை. அந்தக் காலத்தில் 'பாதுகாப்பான துவக்கு' என்று சொன்னதன் எல்லை அவ்வளவுதான்.

கள்ளன் பயம்

சவேஜ் என்ற இன்னொரு கம்பனி 1907ஆம் ஆண்டு மாதிரி என்று அழைக்கப்பட்ட ஒரு பிஸ்டலை விற்றது. பத்து ரவைகள் பிடிக்கும். அதன் விளம்பரங்களில் இரவு, இருட்டு, கதவு, தனியாக இருக்கும் பெண். விரலை நீட்டிக் காட்டுகிற மாதிரிச் சும்மா நீட்டினால் போதும், குறி தானாக அமையும் என்றார்கள். மேற்குப் பக்கத்தில் சண்டியராகவும் சட்டம் காப்பவராகவும் பெயரெடுத்த பட் மாஸ்டர்சனைக் கொண்டு ஒரு சிறு நூலும் எழுதுவித்தார்கள். கையில் இந்தப் பிஸ்டல் இருந்தால் புதிசாக வந்த பழக்கமில்லாத ஆளும் பழைய வீரனுக்குச் சமம் என்பதுதான் அதன் சாரம்.

இங்கே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. எலுமிச்சை பிழியி துவக்கைப் பற்றிய பயத்தைக் குறைக்க முயன்றது. சவேஜ் கள்ளனைப் பற்றிய பயத்தைக் கூட்டி, அந்தப் பயத்துக்கு மருந்து விற்றது. இரண்டாவது வழிதான் வியாபாரத்துக்கு நல்லாக வேலை செய்தது. எதிர்ப்பும் வராமல் இல்லை. 1911இல் நியூயோர்க் மாநிலம் மறைத்து வைக்கக்கூடிய துவக்குகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று சட்டம் போட்டது. 1927இல் தபாலில் கைத்துப்பாக்கி அனுப்புவதை அமெரிக்கக் காங்கிரஸ் தடை செய்தது. ஆனால் தனியார் பொதிச் சேவைகள் 1968 வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன.

பயம் பொய்யில்லை

இதை வாசித்துவிட்டு, பயம் எல்லாம் கம்பனிக்காரன் கட்டியது என்று முடிவெடுத்தால் பிழை. பொலிஸ் வராத, வந்தாலும் எதிரிப் பக்கம் நிற்கிற சமூகங்களுக்குப் பயம் வெறும் விளம்பரம் இல்லை. கறுப்பினத்தவரைக் கும்பல்கள் மரத்தில் தூக்கிக் கொன்ற காலத்தில், 1892இல், பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் ஒவ்வொரு கறுப்பினத்தவர் வீட்டிலும் ஒரு வின்செஸ்டர் துவக்குக்கு மதிப்பான இடம் இருக்க வேண்டும் என்று எழுதினார். அரசாங்கம் தராத பாதுகாப்பைத் தானே தேடு என்பதுதான் அவர் சொன்னது. எங்களுக்கு விளங்காத நியாயமில்லை இது.

1956 ஜனவரி 30ஆம் திகதி அலபாமாவின் மொண்ட்கொமரி நகரத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுக்குக் குண்டு எறிந்தார்கள். உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும். அதற்குப் பிறகு துவக்கு கொண்டுதிரிய அவர் அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. ஆனால் வீட்டில் ஆயுதம் இருந்தது. கிங்கின் வயது அப்போது 27. பழக்கமில்லாத கை, உண்மையான எதிரி, சின்னப் பிள்ளை இருக்கிற வீடு. துவக்குக் கடைக்காரர் சொல்லுகிற எல்லாத் தகுதியும் அவருக்கு இருந்தது.

கிங்கும் கொரெட்டாவும் கதைத்துப் பேசி, தங்களிடம் இருந்த அந்த ஒரு ஆயுதத்தையும் வீட்டை விட்டு அகற்றினார்கள். துவக்கு இருந்தபோதுதான் தனக்குக் கூடப் பயம் இருந்தது என்று பிறகு அவர் நினைவுகூர்ந்தார். வெளிச்சம் போட்டார்கள், ஆயுதம் இல்லாத காவலுக்கு ஆட்களை வைத்தார்கள். எல்லாரும் கிங் மாதிரி இருக்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்வி வேறு என்பதற்காகச் சொல்கிறேன். எந்தத் துவக்கு என்று அவர் கேட்கவில்லை. இந்த வீட்டில், இந்த ஆட்களோடு, துவக்கு என்ன செய்யும் என்று கேட்டார்.

சின்னதா, பெரிசா

1960களின் நடுவிலிருந்து அமெரிக்க நகரங்களில் கலவரங்கள் நடந்தபோது வீட்டுக்காகக் கைத்துப்பாக்கி வாங்குவது வேகமாகக் கூடியது. அந்தக் காலத்தில் கடைக்காரரின் வழமையான பதில், ஐந்து அல்லது ஆறு ரவை பிடிக்கிற ஒரு .38 ரிவோல்வர். காரணமும் நியாயமானது. ரிவோல்வரில் ரவை இருக்கிறதா இல்லையா என்று பார்வையிலேயே தெரியும். ஒரு ரவை வெடிக்காவிட்டால் திரும்ப விசையை இழுத்தால் அடுத்தது வரும். பிஸ்டல் அப்படியில்லை. கீழிருந்து ரவைக்கூட்டைக் கழற்றினாலும் மேலே குழாயில் ஒரு ரவை நிற்கலாம். கூட்டைக் கழற்றிவிட்டேன், இனி வெறும் துவக்குத்தானே எண்டு நினைச்சுச் செத்தவர்களும் கொன்றவர்களும் எத்தனையோ பேர்.

பெண்களுக்குச் சின்னத் துவக்கு என்பது இன்னொரு பழைய அறிவுரை. 1989இல் ஸ்மித் அன்ட் வெஸன் 'லேடிஸ்மித்' என்ற பெயரில் பெண்களுக்கென்று ரிவோல்வர்களை விற்கத் தொடங்கியது. பாடசாலையில் படித்த நியூட்டனின் விதியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அதே ரவையைப் பாரம் குறைந்த துவக்கில் போட்டால் கையில் வருகிற உதை கூடும். குழாய் கட்டையானால் குறி பார்ப்பதும் கடினம். ரிவோல்வரின் விசையை இழுக்க ஐந்து கிலோ அளவுக்கு விசை வேண்டும். துவக்கே அரைக் கிலோதான் பாரம் என்றால் இழுக்கிற இழுவையில் குழாய் ஆடும். ஆகப் பழக்கமில்லாத கைக்கு என்று விற்ற சின்னத் துவக்குத்தான் பழகுவதற்கு ஆகக் கடினமான துவக்கு. இதைப் பயிற்சியாளர்களே ஒத்துக்கொள்வார்கள்.

அந்தப் பக்கம் அவுஸ்திரியாவில் காஸ்டன் க்ளொக் என்பவர் செய்த பிஸ்டலை 1982இல் அந்த நாட்டு இராணுவம் ஏற்றுக்கொண்டது. பிளாஸ்டிக் உடல், 17 ரவை, வெளியில் பூட்டு இல்லை. விசையை இழுக்கத் தேவையான விசை ரிவோல்வரோடு பார்த்தால் பாதி. நீட்டு, இழு, அவ்வளவுதான். அமெரிக்கப் பொலிஸ் அதை விரும்பியது. பொலிஸ் வைத்திருப்பதைச் சனமும் விரும்பியது. வோஷிங்டன் நகரப் பொலிஸ் க்ளொக்குக்கு மாறிப் பத்து வருசத்தில் 120க்கு மேற்பட்ட தடவைகள் அவை தவறுதலாக வெடித்தன என்று 1998இல் வோஷிங்டன் போஸ்ட் பத்திரிகை வெளிப்படுத்தியது. சம்பளம் வாங்கிப் பயிற்சி எடுத்த பொலிஸ்காரரின் கையிலேயே இந்த நிலை.

கதவடியில் நின்றவர்

1992 ஒக்டோபர் 17, லூசியானா மாநிலத்தின் பட்டன் ரூஜ் நகரம். ஜப்பானிலிருந்து மாணவர் பரிமாற்றத்தில் வந்த 16 வயதுப் பெடியன் யோஷிஹிரோ ஹட்டோரி, தான் தங்கியிருந்த வீட்டுப் பெடியனோடு ஹலோவீன் விருந்துக்குப் போனார். இலக்கம் மாறி, பிழையான வீட்டு மணியை அடித்தார்கள். கதவைத் திறந்த பெண் பயந்து கதவைச் சாத்திவிட்டு, துவக்கை எடுக்கும்படி கணவரிடம் சொன்னார். கணவர் .44 மக்னம் ரிவோல்வரோடு வெளியே வந்து அசையாதே என்று ஆங்கிலத்தில் கத்தினார். ஹட்டோரி விருந்துக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு அவரை நோக்கி நடந்தார். ஒரே ஒரு வெடி. ஹட்டோரி இறந்துபோனார்.

துவக்கு சரியாக வேலை செய்தது. குறியும் தப்பவில்லை. ஜூரிகள் வீட்டுக்காரரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தார்கள். பிறகு சிவில் வழக்கில் இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. பெற்றோர் ஜப்பானில் 17 இலட்சம் கையெழுத்துகள் சேர்த்து ஜனாதிபதி கிளின்ரனிடம் கொடுத்தார்கள். எந்த மாதிரித் துவக்கை வாங்கியிருந்தால் அந்தப் பெடியன் தப்பியிருப்பான் என்று கடைக்காரரிடம் கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. தவறியது கண், காது, மொழி, பயம். இவற்றைச் சரிசெய்கிற துவக்கு கடையில் இல்லை.

எண்ணிப் பார்த்தபோது

1993இல் ஆர்தர் கெல்லர்மனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும், துவக்கு இருக்கிற வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 2.7 மடங்கு என்று வெளியிட்டார்கள். பெரும்பாலும் கொன்றது குடும்பத்தவரோ தெரிந்தவரோதான். துவக்கு ஆதரவாளர்கள் ஆய்வின் முறையைக் கேள்விகேட்டார்கள். வாதம் அதோடு நிற்கவில்லை. 1996இல் காங்கிரஸ் இப்படியான ஆய்வுகளைச் செய்வித்த அரசாங்க நிறுவனத்தின் நிதியிலிருந்து 26 இலட்சம் டொலரை வெட்டியது. திரும்பவும் நிதி ஒதுக்க 2019 டிசம்பர் வரை சென்றது.

பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் பெரியவை. கலிபோர்னியாவில் 2 கோடி 60 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, கைத்துப்பாக்கி வைத்திருந்தவர்கள் தற்கொலையால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு என்று காட்டியது. பெண்களில் அது இன்னும் கூட. 2022இல் அதே குழுவினர், துவக்குச் சொந்தக்காரரோடு ஒரே வீட்டில் வசிக்கிற, தாங்கள் துவக்கு வைத்திராத ஆட்களைப் பார்த்தார்கள். துணைவரால் சுட்டுக் கொல்லப்படுகிற ஆபத்து அவர்களுக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். 2021இல் அமெரிக்காவில் துவக்கால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். விளம்பரத்தில் இருட்டுக்குள் நின்ற கள்ளன் இந்த எண்களில் ஒரு சின்ன ஓரத்தில்தான் நிற்கிறான்.

ஆனால் சட்டம் வேறு பக்கம் போனது. வோஷிங்டன் நகரம் 1976 முதல் கைத்துப்பாக்கியைத் தடை செய்திருந்தது. 2008இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற வாக்கில் அந்தத் தடையை நீக்கியது. நீதியரசர் ஸ்கலியா தீர்ப்பில் ஏன் சனம் கைத்துப்பாக்கியை விரும்புகிறது என்று காரணங்கள் அடுக்கினார். அவசரத்தில் எட்டுகிற இடத்தில் வைக்கலாம், உடற்பலம் குறைந்தவரும் பிடிக்கலாம், ஒரு கையால் கள்ளனுக்கு நீட்டி மற்றக் கையால் பொலிசுக்கு அழைக்கலாம். நூறு வருசமாகக் கடை மேசையில் சொல்லப்பட்டு வந்த அறிவுரை உச்ச நீதிமன்றத்தின் மொழியாகிவிட்டது.

திரும்பி வந்த தகடு

2018இல் ஸ்மித் அன்ட் வெஸன் ஒரு புதுப் பிஸ்டலை அறிமுகப்படுத்தியது. பெயரிலேயே ஆங்கிலத்தில் 'இலகு' என்று ஒலிக்கிற 'ஈஸி'. பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கக் கைப்பலம் இல்லாதவர்களுக்காகச் செய்தது. பிடியின் பின்பக்கத்தில் ஒரு தகடு. உள்ளங்கையால் அமுக்கினால்தான் சுடும். 1887இல் இருந்த அதே யோசனை.

அடுத்ததாகக் கொரோனாக் காலம் வந்தது. 2019 ஜனவரியிலிருந்து 2021 ஏப்ரல் வரை ஏறக்குறைய 75 இலட்சம் அமெரிக்கர்கள் முதல்முறையாகத் துவக்குச் சொந்தக்காரர் ஆனார்கள் என்று ஓர் ஆய்வு கணித்தது. அவர்களில் பாதிப் பேர் பெண்கள். கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் கணிசம். அதுவரை துவக்கில்லாத வீடுகளில் இருந்த 50 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் துவக்குள்ள வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள்.

இலங்கையில் இந்தக் கேள்வி இப்படி எழுவதில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. அதைவிட, வீட்டுக்குள் ஒரு துவக்கு இருந்தால் அந்த வீட்டுக்கு என்ன நடக்கும் என்று போரைக் கண்ட எங்கட அம்மம்மாமாருக்குச் சட்டப் புத்தகம் பார்க்காமலே தெரியும். ஆனால் அமெரிக்கப் படங்களும் காணொளிகளும் எங்கள் கையடக்கத் தொலைபேசிக்கு வருகின்றன. அவற்றில் கேள்வி எப்போதும் ரவையின் அளவு, விசையின் இறுக்கம், பிடியின் அமைப்பு பற்றியதுதான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் பெற்றோருக்குச் சொல்வது வேறு. வீட்டில் துவக்கு இல்லாமலிருப்பதே நல்லது. இருந்தால் ரவை எடுத்து, பூட்டி, ரவையை வேறிடத்தில் பூட்டி வையுங்கள். கள்ளனுக்காக வாங்கியவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். பூட்டி வைச்சால் இரவில எப்பிடி எடுக்கிறது? தலையணைக்குக் கீழ் வைத்தால் கைக்கு உடனே எட்டும். அது பிள்ளையின் கைக்கும் எட்டும், மனமுடைந்த ஒரு இரவில் தன் கைக்கும் எட்டும், கோபத்தில் இருக்கிற துணைவரின் கைக்கும் எட்டும். எந்தக் கையில் இலகுவாக இருக்க வேண்டும், எந்தக் கையில் இருக்கக் கூடாது என்பதை எலுமிச்சை பிழியியும் பிரித்தறியவில்லை, ஈஸியும் பிரித்தறியவில்லை. அடுத்தமுறை ஒரு காணொளியில் 'புதுசா வாங்குறவங்களுக்கு எது பெஸ்ட்?' என்று யாராவது தொடங்கினால், அந்த வீட்டில் இன்னும் யார் யார் இருக்கினம் என்று அவர் எங்கேயாவது கேட்கிறாரா எண்டு பாருங்கோ.